ஒத்தப்பனைவிளைச் சுவரில் செவ்வாய்

ஒத்தப்பனைவிளை பஸ் ஸ்டாண்டின் தெற்குச் சுவர் நூற்றிருபது அடி நீளம், எட்டடி உயரம். அதை எதற்காகக் கட்டினார்கள் என்று பேரூராட்சிக் கோப்பில் எங்காவது எழுதியிருக்கலாம். ஆனால் ஊர் ஆண்கள் அது தங்களுக்காகத்தான் எழும்பியது என்று முதல் நாளே முடிவுசெய்து, அன்றிலிருந்து நாற்பது வருஷமாக, மழை வெயில் பாராமல், கல்யாணத்துக்குப் போகிற பட்டுவேட்டியோடும் கருமாதி முடிந்த ஈரத்தலையோடும், அதன் முன்னால் வரிசையாக நின்று தங்கள் கடமையைச் செய்துவந்தார்கள். வேறெந்தக் கடமையையும் அவர்கள் இவ்வளவு ஒழுங்காகச் செய்தது கிடையாது.

சாமி படம் வரைந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, சுவர்ப் படம் எழுதுகிற ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட்டு ஒரு பிள்ளையார், ஒரு மாதா, ஒரு பிறைநிலா என்று வரையவைத்தார்கள். நம் ஆண்கள் பக்தியில் குறைந்தவர்களில்லை. பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி இருந்தது, மாதாவுக்கும் பிறைக்கும் நடுவே நாலடி இருந்தது. சாமிமேல் ஒரு சொட்டுத் தெறிக்காமல் அந்த இடைவெளிகளில் நின்று போய்விட்டு, வேட்டியை இறக்கிவிட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டு போனார்கள்.

பெண்களுக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் இடம் கிடையாது. நாற்பது வருஷத்தில் எந்தத் தீர்மானத்திலும் அப்படி ஒரு தேவை இருப்பதாகவே வரவில்லை. தங்கம் காலை ஆறு மணிக்கு ஏணியில் ஏறினால் வெயில் சாயும்போதுதான் இறங்குவாள், அதுவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் எங்கே போவது? இருபது வருஷமாக இப்படி வாயைக் காயப்போட்டே பிழைத்ததில் சிறுநீரகத்தில் இரண்டு தடவை கல் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டி விற்கிற முப்பிடாதிக்கும் இதே கதைதான், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்களும் காலையில் நிறைத்தபடியே வீட்டுக்குத் திரும்பின. தங்கத்துக்கு வாழ்க்கையில் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கக்கூஸ் வேண்டும், வேலைக்கு நடுவே நிம்மதியாக ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மாவட்டத்தில் நல்ல அறிவியல் சுவர் வைத்திருக்கிற ஊருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு நிலாவை வரைந்துவிட்டார்கள். பேரூராட்சித் தலைவர் குணசீலனுக்கு நிலாவைவிடத் தூரமாக ஒன்று வேண்டியிருந்தது.

"ஏ தங்கம், கி.பி. மூவாயிரத்துல செவ்வாயில நம்மூரு எப்படி இருக்கும்னு வரைஞ்சு போடு" என்றார். "ஒரு பஸ் ஸ்டாண்டு, நாலு பனை, ஒரு வளைவு. வளைவுல எம் பேரு."

"அங்க தண்ணியே கெடையாதாம் அண்ணாச்சி."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?"

தங்கம் யோசித்தாள். பிறகு, "வரையுதேன். ஆனா சுவரு மூணு மாசம் காஞ்சு கெடந்து பரிசும் வந்துச்சுன்னா, அதுல பொம்பளையளுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரணும். அந்த வடக்கு மூலையில எடம் கெடக்கு" என்றாள்.

குணசீலன் நெஞ்சில் கை வைத்தார். "மொத வேலை அதான் தங்கம். எம் பிள்ளைய மேல சத்தியம்."

அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அது தங்கத்துக்கும் தெரியும், இருந்தும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்துவிட முடியும்? அன்றைக்கே சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் வடக்கு மூலையில் எட்டுக்கு ஆறு என்று அளந்து கோடு போட்டாள்.

சிவப்புப் பெயிண்டுக்குத் தலைவர் மனசு வரவில்லை. ஊரைச் சுற்றித் தேரிக்காடு செக்கச்செவேல் என்று கிடக்கும்போது பெயிண்டு எதற்கு என்று கேட்டார். அதனால் தங்கம் மூன்று சாக்குத் தேரி மணலை அள்ளிவந்து, பழைய மெல்லிய சேலையில் சலித்து, பசையில் குழைத்துச் சுவரில் பூசினாள். செல்போனில் செவ்வாய்ப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் அது ஒன்றும் ஒரே சிவப்பில்லை என்று தெரிந்தது. ஈரல் நிறம் இருந்தது, செங்கல்பொடி இருந்தது, மஞ்சளும் சாம்பலும் இருந்தன, பொழுது சாய்கிற இடத்தில் மட்டும் வானம் நீலமாக இருந்தது. பிள்ளையாரையும் மாதாவையும் பிறையையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்கள்மேல் ஒரு வறண்ட ஆற்றை ஓடவிட்டாள். கறுப்புக் கற்களை இறைத்தாள். வலது ஓரத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு பாறையை நிறுத்தினாள். இடது ஓரத்தில், கண்ணுக்கெட்டாத தொலைவில், வெள்ளை விண்வெளி உடுப்பும் வட்டக் கவசமும் போட்ட ஓர் ஆளைப் பெருவிரல் உயரத்துக்கு வரைந்தாள். பஸ் ஸ்டாண்டும் வளைவும் எங்கே என்று தலைவர் கேட்டதற்கு, "மூவாயிரம் வரைக்கும் டயம் கெடக்குல்லா அண்ணாச்சி" என்றாள்.

அப்புறம்தான் அவள் ஒரு தப்பைச் செய்தாள். கவசத்துக்குள் தன் முகம்தான் இருக்கவேண்டும் என்று குணசீலன் சொல்லிவிட்டுப் போனார், அவர் தலை மறைந்ததும் துணைத்தலைவர் வந்து தன் முகத்தைக் கேட்டார், பிறகு வார்டு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பொல்லாப்பு எதற்கு என்று தங்கம் கவசக் கண்ணாடியைக் கன்னங்கரேல் என்று அடித்துவிட்டு, ஒவ்வொருவரின் காதிலும், "வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கு, உள்ள நீங்கதான் இருக்கிய" என்று சொல்லி அனுப்பினாள். அத்தனை பேரும் நம்பினார்கள். தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னால் ஒத்தப்பனைவிளையில் நம்பாத ஆண் பிறக்கவில்லை.

நாலாம் நாள் பார்த்தால் அந்த ஆள் நடுவிரல் உயரத்துக்கு வந்திருந்தான். பின்னால் மணலில் காலடித்தடம் பதிந்திருந்தது.

"நேத்து அந்த மொட்டைக்கல்லுக்கு அங்கிட்டு நின்னான், இன்னைக்கு இங்கிட்டு நிக்கான்" என்று டீக்கடை இசக்கியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வருகிறவன் வரட்டும், எப்போது வருவான் என்று மட்டும் கேட்டார்கள், அதையும் பஸ்ஸைக் கேட்பது மாதிரித்தான் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் தினமும் காலையில் சுவரில் ஒரு கோடு கிழித்து, கணக்குப் போட்டு, ஆடி கழிந்து ஆவணியில் வந்து சேர்வான் என்று அறிவித்தார். மத்தியானக் காற்றில் சுவரிலிருந்து செந்தூசி பறந்து இசக்கியப்பனின் வடைமேல் படிந்தது, அவன் அதைத் தட்டிவிட்டு விற்றான். செவ்வாய் தோஷமுள்ள பெண்கள் சுவரைத் தொட்டுக் கும்பிட்டால் மாப்பிள்ளை அமையும் என்று ஜோசியர் ஒருவர் கிளப்பிவிட, அதற்கும் கூட்டம் வந்தது. ஊர் எதையும் தின்று செரிக்கும், ஒரு கிரகத்தைச் செரிக்க அதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒன்று நடந்தது. சுவர் காய்ந்தது. சாமிகள் நின்ற இடத்தில் நின்றார்கள், அவர்களை ஆண்கள் சமாளித்துவிட்டார்கள். எதிரே ஒருவன் நேருக்கு நேராக நடந்து வந்துகொண்டிருக்கும்போது வேட்டியைத் தூக்கினால் வரவேண்டியது வரவில்லை. முக்கிப் பார்த்தார்கள், விசிலடித்துப் பார்த்தார்கள், பிறகு முணுமுணுத்துக்கொண்டே பெண்கள் மேல்நிலைப்பள்ளியின் சுவருக்கு இடம் மாறினார்கள். நாற்பது வருஷ நாற்றம் விலகியபோது, முப்பிடாதியின் கூடையில் இருந்த பிச்சிப்பூவுக்கு வாசம் இருக்கிறது என்பது பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த தங்கம் அதை ஏணிமேல் நின்று மோந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

ஆள் முழங்கை உயரம் வந்ததும் ஊருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. அவன் எந்தத் தெரு?

ஒத்தப்பனைவிளையில் நாலு தெரு. எந்தத் தெரு என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும், விளக்கவேண்டியதில்லை. இவ்வளவு தூரம் சலிக்காமல் நடக்கிறவன் தங்கள் ரத்தமாகத்தான் இருக்கமுடியும் என்றது மேலத்தெரு. நெஞ்சை நிமிர்த்தி வருவதைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றது தெற்குத்தெரு. வடக்குத்தெரு ஒரு புலவரைப் பிடித்துத் தங்கள் முன்னோர் செவ்வாயை ஆண்ட வரலாற்றை எழுதி வாங்கியது. கீழத்தெருவும் விடவில்லை. ஆளுக்கொரு ஃபிளக்ஸ் வைத்தார்கள், 'செவ்வாய் கண்ட சிங்கமே வருக' என்று நாலிலும் ஒரே வாசகம்தான் இருந்தது. அப்புறம் நாலு தெரு ஆட்களும் தனித்தனியாகத் தங்கத்தின் வீட்டுக்கு வந்தார்கள்.

"வரைஞ்சவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆளு யாருன்னு மட்டும் சொல்லு, போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

வந்தவர்களில் ஒருவரும் அது ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கம் சொல்லியிருப்பாள். அந்த நடையை அவள் கண்ணாடி முன்னால் தானே நடந்து பார்த்துத்தான் வரைந்திருந்தாள். தொடையை ஒட்டிவைத்து, அடியைக் குறுக்கி, வேகமாகவும் போகமுடியாமல் நிற்கவும் முடியாமல் வருகிற நடை அது, பகல் முழுக்க அடக்கிவைத்துக்கொண்டு வீடு திரும்புகிற பெண்ணின் நடை. கிட்டே வரவர அந்த அடிகள் இன்னும் குறுகின, இன்னும் அவசரப்பட்டன. ஊர் அதைக் கம்பீரம் என்றது.

ஆடி பிறக்கும் முன்னே பரிசு வந்தது. கூட்டம் போட்டு, மாலை மரியாதை முடித்து, ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். வருகிறவரை வரவேற்கக் கிரானைட்டில் ஒரு வளைவு. தங்கம் தலைவர் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, கக்கூஸு?"

"ஏ தங்கம், அம்புட்டுத் தூரத்துலருந்து ஒரு ஆளு வாரான். வந்து எறங்குனதும் கக்கூஸையா காட்டுவ? மானம் போயிராது?"

"எம்புட்டுத் தூரம்னு நீங்களே சொல்லுதிய. வாரவிய மொதல்ல அதைத்தான் கேப்பாவ அண்ணாச்சி."

"உனக்கு எப்பப் பாத்தாலும் இந்த நெனப்புதான்" என்று குணசீலன் முகத்தைச் சுளித்தார். "அடுத்த பரிசுல பாத்துக்கிடுவோம், போ."

வளைவுக்கு அவர்கள் தோண்டிய இடம் வடக்கு மூலை. எட்டுக்கு ஆறு என்று தங்கம் சாக்குக்கட்டியில் போட்டிருந்த கோட்டைக் கொத்தனார் பார்த்துவிட்டு, யாரோ அளந்தே வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார். வளைவின் நெற்றியில் 'வந்தாரை வாழவைக்கும் ஒத்தப்பனைவிளை' என்றும், காலில் 'திறந்துவைத்தவர்: தலைவர் குணசீலன்' என்றும் எழுத அவளையே கூப்பிட்டார்கள். போகாவிட்டால் அடுத்த வேலை வராது. காலை ஆறு மணிக்கு ஏறி, நாக்கு அண்ணத்தில் ஒட்ட, விலாவுக்குக் கீழே மூன்றாவது கல் குத்த, அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தாள். இந்த ஊர் விளங்காது என்று தூரிகையைக் கழுவும்போது வாய்விட்டே சொன்னாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் வந்து சேர்ந்தது. செவ்வாயில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா, ஒருநாள் தள்ளி வரச்சொல்ல வழியுண்டா என்று தலைவர் தங்கத்திடம் கேட்டுப் பார்த்தார். வழியில்லை என்றதும் காலை பதினொரு மணிக்கு நையாண்டி மேளத்தை வரவழைத்தார். நாலு தெருவும் நாலு ஆளுயர மாலையோடு வந்து, முதல் மாலை யாருடையது என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றன. சுவருக்குள்ளே, மணலில் கால் புதைய, நிஜ ஆளின் உயரத்துக்கு அந்த உருவம் நின்றது. கவசத்தின் கறுப்புக் கண்ணாடியில் எதிரே நின்ற கூட்டம் முழுவதும் தெரிந்தது. ஒவ்வொருவனும் அதில் தன் முகத்தை மட்டும் பார்த்து, சொன்னேனே, நான்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கவசம் மெல்ல இடதுபக்கம் திரும்பியது. பிறகு வலதுபக்கம். மறுபடியும் இடது.

மரியாதையை ஏற்றுக்கொள்கிறார் என்று தலைவர் மைக்கில் சொன்னார். முப்பிடாதியின் கை மட்டும் பூக்கட்டுவதை நிறுத்தியது. திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் தினமும் இப்படித்தான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்ப்பார்கள். டீக்கடைக்குப் பின்னால், பஸ்ஸுக்குப் பின்னால், வேலி இருக்கிறதா, ஒரு புதராவது இருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லை என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். முப்பிடாதி தங்கத்தைப் பார்த்தாள். தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அவளுக்கு ஒதுங்கணும்."

"யாருக்கு?"

"அங்க நிக்காளே, அவளுக்கு. பாவம், எத்தன மாசமா அடக்கிக்கிட்டு வாராளோ. எங்க போவச் சொல்லுதிய?"

மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது. குணசீலன் வளைவைப் பார்த்தார், பிறகு மைக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சுவருக்குள் நின்றவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் குறுகின அடிகளோடு திரும்பி, விறுவிறு என்று பாறைக்குப் பின்னால் போனாள். கவசத்தின் உச்சி கொஞ்சநேரம் தெரிந்தது, பிறகு அதுவும் கீழே இறங்கி மறைந்தது. மேளக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். வரவேற்புக்குக் கூட்டிவந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்தது. வெகுநேரம் கழித்துக் கவசம் மேலெழும்பியது. அவள் வெளியே வந்து, வந்த வழியே, கைகளை வீசி, அகல அகலமாக அடி வைத்து, இடுப்புச் சுமை இறங்கியவள் மாதிரி நடந்து போனாள். வளைவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நாலு ஃபிளக்ஸும் இறங்கின. எங்கள் வீட்டுப் பெண்கள் இப்படிச் செய்யமாட்டார்கள், அவள் தெற்குத்தெருவாக இருப்பாள் என்றது மேலத்தெரு. தெற்குத்தெரு வடக்குத்தெருவைக் கைகாட்டியது, வடக்குத்தெரு புலவரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது. பொது இடத்தில் ஒரு பொம்பளை இப்படியா என்று, நாற்பது வருஷம் அந்தச் சுவரை நனைத்த வாய்கள் எல்லாம் துளிக் கூச்சமில்லாமல் கேட்டன. புளித்துப்போன அந்த முகங்களைத் தங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இத்தனை நாள் இவர்களுக்குப் பயந்தோமே என்று தன்மேல்தான் அவளுக்கு வெட்கமாக வந்தது.

முப்பிடாதி கூடைமேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். எழுந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, சுவரின் அடியில் தங்கம் இழுத்திருந்த கறுப்புக் கரையைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். கால் மணலில் புதைந்தது. மற்றக் காலையும் வைத்தாள். செவ்வாயில் காற்றில்லை என்பார்கள், அவள் மூச்சை அடக்கிக்கொண்டு போனாள், அடக்குவது அவளுக்குப் புதிதில்லை. பாறைக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தபோது கணுக்கால்வரை சிவப்பாக இருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"எப்படி மைனி இருக்கு?" என்று தங்கம் கேட்டாள்.

"குளிருது தங்கம். ஆனா நல்ல மறைவு."

பிள்ளைகள் பையை இறக்கி வைத்தார்கள். உடன்குடி பஸ்ஸில் இறங்கிய பெண்கள் என்ன ஏது என்று கேட்காமலே வரிசையில் நின்றார்கள். தங்கம் வரிசைக்குப் போகவில்லை. நேராக இசக்கியப்பன் கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டாள். நடுமத்தியானத்தில் இவள் தண்ணீர் கேட்டு அவன் பார்த்ததில்லை. சொம்பை அண்ணாந்து பிடித்து, கழுத்து நனைய, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டு அதையும் குடித்தாள். அப்புறம்தான் வந்து வரிசையில் நின்றாள்.

மூன்று மணிக்கு அவசரக் கூட்டம் போட்டு, பொதுச்சுவரைப் பெண்கள் அசிங்கப்படுத்துவதைத் தடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். குணசீலனே தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏ தங்கம், பழையபடி சாமியளையே வரைஞ்சு மூடிரு. இப்பவே."

"வரைஞ்சிரலாம் அண்ணாச்சி. உள்ள ஆள் நிக்கையில எப்படி மூட? இந்தப் பத்துப் பேரு போய்ட்டு வந்துரட்டும்."

"பொறவு?"

"பொறவு பஸ் வரும்லா, அதுல ஒரு பத்துப் பேரு வருவாவ."

நாலு மணிக்கு, வரிசை கலைந்திருந்த நேரத்தில், வெளியூர் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். நடந்தது எதுவும் தெரியாதவர், ஒத்தப்பனைவிளையில் பஸ் மாறும்போதெல்லாம் அந்தச் சுவருக்குப் போய்ப் பழகியவர். அவர் சுவர்முன் நின்று வேட்டியைத் தூக்கும்போது, செவ்வாயின் பாறைக்குப் பின்னாலிருந்து, இரண்டாவது தடவையாகப் போயிருந்த முப்பிடாதியின் குரல் வந்தது.

"ஏல, எவம்ல அது? உள்ள ஆளு இருக்கு!"

அவர் பதறிப்போய் வேட்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். வடக்கு மூலையில் புத்தம்புது வளைவு நின்றது, வழவழவென்று, நல்ல நிழலோடு. அதன் காலடியில், தலைவரின் பேருக்கு நேராகப் போய் நின்றார். அன்றிலிருந்து ஒத்தப்பனைவிளை ஆண்களுக்கு அதுதான் இடம்.